தறி, தோட்டம், களிமண், கோழி, தேனீ: எல்லாமே வேண்டும் என்றால் எப்படிச் சமாளிப்பது?

நூலும்மண்ணும் எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக இங்கே படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இன்றைக்குத்தான் எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் இந்த நிமிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிவிட்டால் பாதிக் கேள்வி உங்களுக்கே புரிந்துவிடும். ஒரு மூலையில் மேசைத்தறி, பாவு பாதி கோத்தபடி. அதை ஒட்டி நான் பைண்டு செய்துகொண்டிருக்கும் ஒரு நோட்டு, பசை காய்வதற்காக இரண்டு செங்கல்லுக்கு நடுவே. அடுத்த போகத்துக்கான தக்காளி விதை ஒரு தாளில் பரப்பிக் காய்கிறது. மேசைக்கு அடியில் வாளியில் களிமண், பிளாஸ்டிக் பை சுற்றி. கட்டிலுக்கு அடியில் சோப்புக் கட்டிகள் வரிசையாகப் பதப்படுகின்றன. வெளியே ஆறு கோழி, ஒரு தேனீப்பெட்டி, காய்கறிப் பாத்திகள், மட்குக் குவியல். சாப்பாட்டைத் தட்டோடு மடியில் வைத்துக்கொண்டுதான் சாப்பிடுகிறோம். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்வதில்லை. போன வாரம் மட்டும், "இந்த மேசையின் நிறம் என்ன, ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

இதற்கு மேல் முழுநேரக் கணக்கு வேலை, இரண்டு பிள்ளைகள். மாதக் கடைசி வந்தால் நான் வீட்டில் இருப்பதே மற்றவர்களுக்குத் தெரியாது.

கேட்கிறவர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஒன்றைப் பிடி, அதில் தேறு, மற்றதை விடு. என்னால் ஆகவில்லை. தறியில் உட்கார்ந்திருக்கும்போதுதான் பாத்தியைப் பற்றி நல்ல யோசனை வருகிறது. பாத்தியில் கிடக்கும் ஒரு இலையைப் பார்த்தால் அதை சயனோடைப்பில் பதிக்கத் தோன்றுகிறது. அந்த நீல அச்சு முறையை 1842இல் கண்டுபிடித்த ஜான் ஹெர்ஷெல் அடிப்படையில் வானியலாளர். வேதியியல், கணிதம், செடிகளை வரைவது என்று இன்னும் பலதையும் செய்தவர். அவரிடம் போய் யாராவது "ஒன்றைப் பிடி" என்று சொல்லியிருப்பார்களா தெரியவில்லை.

நேரமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளைகள் தூங்கியபின் ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. எதை எடுப்பது என்று யோசித்து, இடத்தைக் காலிசெய்து, சாமான்களை எடுத்து வைப்பதற்குள் பாதி போய்விடுகிறது. மீதியில், எடுத்ததைத் திரும்ப உள்ளே வைக்க வேண்டும். பாதியில் நிற்கிற ஒவ்வொன்றும் வாசலில் உட்கார்ந்த கடன்காரன் மாதிரி என்னையே பார்க்கிறது. திங்கள் தறி, செவ்வாய் மண் என்று அட்டவணை போட்டும் பார்த்தேன். அடுத்த வாரமே ஒரு கோழிக்கு உடம்பு சரியில்லாமல் போய், அட்டவணையும் அதோடு போனது.

இப்படியே போனால் பத்து வருடம் கழித்தும் எல்லாவற்றிலும் கற்றுக்குட்டியாகவே நிற்பேனோ என்ற பயமும் இருக்கிறது. பல கைவேலைகளோடு கோழி, தோட்டம் என்று உயிருள்ளதையும் வைத்துக்கொண்டிருக்கிறவர்கள் உண்மையில் எப்படி நடத்துகிறீர்கள்? "குறைத்துக்கொள்" என்பதைத் தவிர எதை வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

சும்மாவந்தவன் எழுதியது:

இன்னொரு மேசை வாங்குங்கள்.

கடைசல்காரன் எழுதியது:

மேலே சொன்னதை நான் வழிமொழிகிறேன், வேடிக்கையாக இல்லை. அப்புறம் என் பங்குக்கு ஒன்று.

நான் மரம் கடைகிறவன். பச்சை மரத்தில் கிண்ணம் கடைந்தால் ஒரே மூச்சில் முடிக்கக் கூடாது. முதலில் தடிமனாகக் கடைந்து எடுக்க வேண்டும். கிண்ணத்தின் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு சுவர்க் கனம் என்பது பொதுவான கணக்கு. 30 சென்டிமீட்டர் கிண்ணம் என்றால் சுமார் 3 சென்டிமீட்டர். இழை முடியும் பக்கங்களில் மெழுகு தடவிக் காற்றுப் படாத அலமாரியில் வைத்துவிட்டால், மாதக்கணக்கில் அது மெதுவாகக் காய்ந்து, கோணிக்கொள்ள வேண்டிய அளவுக்குக் கோணிக்கொள்ளும். அப்புறம்தான் இரண்டாவது கடைசல். அவசரப்பட்டு முடித்தால் வெடிக்கும்.

என் அலமாரியில் இப்படிப் பாதிக் கிண்ணங்கள் நிறைய இருக்கின்றன. வருகிறவர்கள் "இவ்வளவும் முடிக்காமலா?" என்பார்கள். முடிக்கக் கூடாத கட்டத்தில் இருக்கின்றன என்பேன். உங்கள் சோப்பும் அப்படித்தானே? ஊற்றி நாலு முதல் ஆறு வாரம் சும்மா இருந்தால்தான் கெட்டிப்படும். அதைப் பாதியில் நிற்கும் வேலை என்ற கணக்கில் எப்படிச் சேர்த்தீர்கள்?

அப்புறம் ஒரு எச்சரிக்கை. ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடுகிறவர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போகாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து காயும்போது சூடு பிறக்கும். கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானே தீப்பிடிக்கும். விரித்துப் போட்டுக் காயவிடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்கி, மூடியுள்ள தகர டப்பாவில் போடுங்கள்.

தேன்கூடு எழுதியது:

கடைசல்காரர் சரியான நூலைப் பிடித்துவிட்டார். அதை நான் இன்னும் கொஞ்சம் இழுக்கிறேன். நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள் மா. வயதில் பெரியவள், ஒருமையில் எழுதினால் தவறாக நினைக்கமாட்டாய் என்று நம்புகிறேன்.

நீ எண்ணிக்கையைப் பார்த்து மலைக்கிறாய். எண்ணாதே. ஒவ்வொன்றையும் பார்த்து ஒரே கேள்வி கேள்: ஒரு வாரம் உன்னைத் திரும்பிப் பார்க்காவிட்டால் உனக்கு என்ன ஆகும்?

தேனீ என்ன சொல்லும் தெரியுமா? கூட்டம் பிரியும் பருவமாக இருந்தால், "நான் போய்விடுவேன்" என்று சொல்லும். ஐரோப்பியத் தேனீ என்றால், ராணியாக வளர்க்கும் புழுவின் அறையை, முட்டையிட்டதிலிருந்து எட்டாம் ஒன்பதாம் நாள் வாக்கில் மெழுகால் மூடிவிடும். மூடிய கையோடு, வெயில் நன்றாக இருந்தால், பழைய ராணி, பெட்டியில் உள்ள தேனீக்களில் பெரும்பகுதியோடு கிளம்பிவிடும். அதனால்தான் அந்தப் பருவத்தில் வாரம் ஒருமுறை பெட்டியைத் திறந்து பார்க்கச் சொல்கிறார்கள். அந்தத் தவணையை நீ மாற்ற முடியாது, மாதக் கடைசி என்று அதனிடம் சொல்லவும் முடியாது. மற்ற பருவத்தில் அதே பெட்டி உன்னிடம் எதுவும் கேட்காது. அடிக்கடி திறந்தால்தான் அதற்குத் தொந்தரவு.

களிமண்ணைக் கேள். "எந்த நிலையில் விட்டுவிட்டுப் போகிறாய் என்பதைப் பொறுத்தது" என்னும். சக்கரத்திலிருந்து எடுத்த பாத்திரம் தொட்டால் ஒட்டாமல், நகத்தால் அழுத்தினால் தடம் விழுகிற பதத்துக்கு வந்தபோதுதான் அடியைச் செதுக்கவும் கைப்பிடி ஒட்டவும் முடியும். அந்தப் பதம் வரும் நேரத்தில் நீ அலுவலக வேலையில் இருந்தால் போச்சு. ஆனால் காற்றுப் புகாமல் பையில் சுற்றி வைத்தால் அந்தப் பதம் வாரக்கணக்கில் நிற்கும். முழுக்கக் காய்ந்துவிட்டதா? கவலையே வேண்டாம், அது வருடக்கணக்கில் காத்திருக்கும். பிடிக்கவில்லையா, தண்ணீரில் போடு. கரைந்து மறுபடி மண்ணாகிவிடும். சூளையில் வைக்கும்வரை எதுவும் முடிவாகவில்லை.

தறி? அது ஒன்றுமே சொல்லாது. தூசி படியும், அவ்வளவுதான். இழுப்பை மட்டும் கொஞ்சம் தளர்த்திவிட்டுப் போ. சாயம் போடுகிற வேலையில் இடையில் நிறுத்தத் தோதான ஓர் இடம் இருக்கிறது. சாயம் நூலில் பிடிப்பதற்காக, கம்பளி நூல் 100 கிராமுக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் ஏற்றி, காயவைத்து, சீட்டு ஒட்டி எடுத்து வைத்துவிடலாம். சாயம் எப்போது கிடைக்கிறதோ அப்போது தொட்டியில் போட்டால் போதும். உன் சயனோடைப் அதற்கு நேர்மாறு. மருந்து பூசிய தாள் இருட்டில் வைத்தாலும் நாள்பட நாள்பட மங்கும். அதனால் கட்டுக்கட்டாகப் பூசி வைக்காதே, அந்த வாரம் தேவைப்படும் அளவுக்கு மட்டும் பூசு.

இப்படிக் கேட்டுக்கொண்டே போனால் உன் பட்டியலில் காத்திருக்க மறுப்பவை நாலைந்துகூடத் தேறாது. கோழி, தேனீ, நாற்று. அட்டவணையில் இருக்க வேண்டியது அவை மட்டும்தான். தறிக்கும் மண்ணுக்கும் கிழமை ஒதுக்கினாயே, அதுதான் கோழி படுத்ததும் எல்லாம் குலைந்தது. உயிருள்ளதற்கு நாள் குறி, உயிரில்லாததற்கு மனசுக்கு வந்தபோது போ.

அடுத்து, ஒவ்வொரு ஆசைக்கும் ஓர் அவசர வடிவமும் ஒரு சாவகாச வடிவமும் உண்டு. மட்கை எடுத்துக்கொள். சூடேறும் குவியல் வேண்டும் என்றால் ஏறக்குறைய ஒரு கன மீட்டர் அளவுக்கு ஒரே தடவையில் சேர்க்க வேண்டும். காய்ந்த சருகு, வைக்கோல் வகையும் பச்சைத்தழை, சாண வகையும் சரியாகக் கலந்திருக்க வேண்டும். கரிமம் 25, 30 பங்குக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்பது கணக்கு. ஈரம் பார்க்க வேண்டும், கிளற வேண்டும். 55, 60 டிகிரி வரை சூடேறி, களைவிதையெல்லாம் செத்து, சில மாதத்தில் உரம் கிடைக்கும். அருமையான வேலைதான். முழுநேர வேலையும் இரண்டு பிள்ளையும் இருக்கிற உனக்கு இது எதற்கு? கிடைத்ததைக் கிடைத்தபோது போட்டுக்கொண்டே வா, கிளறாதே, ஒரு வருடமோ அதற்கு மேலோ ஆகட்டும். குளிர்ந்த குவியலும் உரமாகத்தான் முடியும். ஒன்று மட்டும் பார்த்துக்கொள்: அதில் சூடு இல்லாததால் விதைபிடித்த களையைப் போட்டால் அடுத்த வருடம் பாத்தி முழுக்க அதுவே முளைக்கும்.

எதையும் விடச் சொல்லவில்லை பார். ஆனால் எல்லாவற்றிலும் அவசர வடிவத்தையே எடுத்துக்கொண்டால் யாராலும் முடியாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் அவசர வடிவத்தில் வை. மற்றதெல்லாம் சாவகாசமாக நடக்கட்டும்.

இனி உன் ஒன்றரை மணி நேரத்துக்கு வருகிறேன். நிறுத்தும்போது கடைசி ஐந்து நிமிடத்தை ஒரு சீட்டு எழுதுவதற்கு வைத்துக்கொள். செய்து முடித்ததை அதில் எழுதாதே, அது கண்ணுக்கே தெரியும். அடுத்த அசைவு என்ன என்று எழுது. "இடது பக்கத்திலிருந்து 43ஆவது பாவு இழை, மூன்றாவது சட்டத்தில் கோக்கணும்." "கைப்பிடி ஒட்டியாச்சு, இன்னும் இரண்டு நாள் பையைப் பிரிக்காதே." அதைச் சாமானிலேயே குத்திவிடு. அடுத்த தடவை யோசிக்கிற வேலை அங்கே இருக்காது, கை தானாகத் தொடங்கிவிடும். என் வீட்டில் துணி உலர்த்தும் கிளிப்புக்குத்தான் எப்போதும் பஞ்சம், எல்லாம் சீட்டைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன.

கையைப் பொறுத்தும் மாலையைப் பிரி. மண் பிசைந்த கையோடு நூலையோ தாளையோ தொட முடியாது, கழுவினாலும் நகக்கண்ணில் இருக்கும். அழுக்குக் கை வேலைகளை அடுத்தடுத்து ஒரு வாரம் செய், அடுத்த வாரம் சுத்தக் கை வேலை. பாத்தியும் மண்ணும் கோழிக்கூண்டும் ஒரு பக்கம், தறி, பைண்டிங், தையல் மறுபக்கம். மேசையை ஒழிக்கும் வேலை பாதியாகக் குறையும். காஸ்டிக் சோடா எடுக்கிற சோப்பு வேலை இந்த இரண்டிலும் சேராது. பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, கண்ணாடியும் கையுறையும் போட்டு, தண்ணீரில்தான் சோடாவைக் கொட்ட வேண்டும். சோடா மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் தெறிக்கும். உனக்கு இது தெரிந்திருக்கும், படிக்கிற இன்னொருவருக்காக எழுதுகிறேன்.

கற்றுக்குட்டி பயத்துக்கு என்னிடம் பதில் இல்லை. எனக்கும் வந்தது, தானாகப் போய்விட்டது.

நீலக்கை எழுதியது:

தேன்கூடு அம்மா சொன்ன கேள்வி எனக்குப் பிடித்தது. ஆனால் பிரித்துப் பிரித்து வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் சாயக்காரி, எல்லாவற்றையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுத்தான் பிழைக்கிறேன். தோட்டத்தில் வருவது தொட்டிக்குப் போகும், தொட்டியில் வருவது தறிக்குப் போகும், மிஞ்சிய சக்கை மட்குக்குப் போகும். ஐந்து வேலை மாதிரி தெரியும், எனக்கு ஒரே வேலைதான். நூலும்மண்ணும் சயனோடைப்புக்கு இலையைப் பாத்தியிலிருந்தே எடுக்கிறார், பாதி வழி வந்துவிட்டார். அந்த நீலத் தாளையே நோட்டுக்கு அட்டையாகப் போடலாமே!

காத்திருக்கும் வேலை என்றால் சிவப்புச் சாயத்துக்கான மஞ்சிட்டி வகைச் செடியை வைத்துப் பாருங்கள். வேரில்தான் நிறம். வைத்து மூன்று வருடமாவது ஆக வேண்டும், வேர் பென்சில் கனத்துக்குத் தடித்த பின்தான் தோண்டுவார்கள். அதுவரை களை எடுப்பதோடு சரி.

அவுரித் தொட்டி அப்படி இல்லை. நீலம் தண்ணீரில் கரையாது. காற்றை அகற்றிக் காரத்தில் வைத்தால்தான் கரைந்து நூலுக்குள் போகும், வெளியே எடுத்ததும் மஞ்சள் பச்சையாக இருந்து கண்ணெதிரே நீலமாகும். தவிட்டைப் போட்டுப் புளிக்கவைக்கும் தொட்டி என்றால் அதுவும் உயிருள்ளதுதான், அதற்குத் தீனியும் சூடும் வேண்டும். அவுரித்தூள் ஒரு பங்கு, சுண்ணாம்பு இரண்டு, பழச்சர்க்கரை மூன்று என்று போடும் தொட்டி அவ்வளவு பிடிவாதம் பிடிக்காது. தூங்கிப்போனால் சூடுகாட்டி, கொஞ்சம் சர்க்கரை சேர்த்து எழுப்பிவிடலாம். அம்மா சொன்ன அவசர வடிவம், சாவகாச வடிவம் இதிலும் இருக்கிறது.

எல்லாவற்றிலும் கைவைக்கிறோமே என்று வருந்துகிறவர்களுக்கு இங்கிலாந்துக் கைவினைக் கலைஞர் வில்லியம் மோரிஸைச் சொல்வேன். கவிதை எழுதினார், சுவர்த்தாள் வடிவமைத்தார், 1870களில் சாயத்தொட்டியில் தானே இறங்கிக் கற்று நீலக் கையோடு திரிந்தார். 1879இல் படுக்கையறையிலேயே தறியைப் போட்டு விடிகாலையில் எழுந்து தொங்குதிரை ஒன்றை நெய்தார். அதற்கு 516½ மணி நேரம் ஆனதாகக் குறித்தும் வைத்தார். அதற்கும் அப்புறம் 1891இல் அச்சகம் தொடங்கினார்.

கடைசல்காரன் எழுதியது:

மோரிஸுக்குப் பட்டறை நிறைய ஆட்கள் இருந்தார்கள், அப்பா விட்டுப்போன பணம் இருந்தது, வீட்டில் சமைக்க வேலையாள் இருந்தார். மாதக் கடைசியில் கணக்கு முடித்துவிட்டு இரவு ஒன்பதரைக்குத் தறியில் உட்காரவில்லை. அந்த 516½ மணி நேரத்தை நம் தங்கச்சியின் ஒன்றரை மணி நேரத்தால் வகுத்துப் பாருங்கள். தினமும் விடாமல் உட்கார்ந்தாலே ஒரு வருடத்தை நெருங்கிவிடும், ஒரே திரைக்கு. ஆனால் அந்த எண்ணிக்கையைக் குறித்து வைத்தார் பாருங்கள், அதை நான் மதிக்கிறேன்.

தேன்கூடு எழுதியது:

கடைசல்காரர் சொன்னது நியாயம். ஆள் பலமுள்ளவர்களை ஒப்பிட்டால் நமக்கு ஏக்கம்தான் மிஞ்சும். எனக்குப் பிடித்த உதாரணம், முயல் கதைகள் எழுதிய இங்கிலாந்துக்காரர் பியட்ரிக்ஸ் பாட்டர். அவருக்கும் வசதி இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் செய்யவில்லை. 1890களில் காளான்களை நுணுக்கமாக வரைந்து, அவற்றின் வித்து முளைப்பதை ஆராய்ந்தார். அந்தக் கட்டுரை 1897இல் லண்டன் லின்னேயன் சங்கம் என்ற இயற்கை அறிவியல் சங்கத்தில் வாசிக்கப்பட்டது. பெண் என்பதால் அவரால் அங்கே போய் வாசிக்க முடியவில்லை. அப்புறம் 1900களில் குழந்தைகளுக்கான படக்கதைகள். 1905இல் ஒரு பண்ணை வாங்கினார். 1913இல் கல்யாணம், அதன்பின் எழுத்து குறைந்து ஆடும் நிலமும்தான். கடைசியில் ஹெர்ட்விக் என்ற மலையாட்டு இனத்தை வளர்ப்பவர்கள் நடுவே பெரிய ஆளாக மதிக்கப்பட்டார். 1943இல் இறந்தபோது அவருடைய நிலம் 4,000 ஏக்கருக்கு மேல், இயற்கையையும் பழைய இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்புக்குப் போனது.

காளானை விட்டதும் அவர் கற்றது எங்கும் போகவில்லை, படங்களில் வந்து உட்கார்ந்துகொண்டது. உனக்குப் பிள்ளைகள் சின்னவர்கள் என்று நினைக்கிறேன். இந்த ஐந்தாறு வருடம் எதற்கு, அடுத்த ஐந்தாறு எதற்கு என்று யோசித்துப் பார்க்கலாம். தறியை மூட்டை கட்டிப் பரணில் ஏற்றுவதை விட்டுவிடுவது என்று ஏன் நினைக்க வேண்டும்?

பாதியில் நிற்பவற்றில் உனக்கு ஆசை போனவை சில இருக்கும். பிரிக்க முடிந்ததைப் பிரித்துவிடு. ஸ்வெட்டரை உருவி உருண்டையாக்கு, சுடாத பாத்திரத்தைத் தண்ணீரில் போடு. நூலும் மண்ணும் மிச்சம், சீட்டு எழுதுகிற வேலையும் மிச்சம்.

நூலும்மண்ணும் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்குக் காரணம் மாதக் கடைசிதான், வேறொன்றுமில்லை.

அம்மா சொன்ன கேள்வியை ஒவ்வொன்றிடமும் கேட்டுப் பார்த்தேன். உண்மையிலேயே காத்திருக்க மறுத்தவை கோழி, தேனீ, நாற்றுத்தட்டு மூன்றும்தான். காத்திருக்கும் என்று நினைத்த விதை கொஞ்சம் ஏமாற்றியது. காய்ந்ததும் டப்பாவில் போட்டுக் குளிர்ச்சியான இடத்தில் வைக்காமல் மேசையிலேயே விட்டதால் ஈரம் ஏறியிருந்தது. மறுபடி காயவைத்துச் சீட்டோடு மூடியாயிற்று.

சீட்டு வேலை செய்கிறது. இரண்டு நாள் முன்னால் ராத்திரி நேராகத் தறியில் போய் உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த இழையை எடுத்துக் கோத்தேன், அவ்வளவுதான், நேரம் போனதே தெரியவில்லை. ஒரு சால்வையைப் பிரித்து உருண்டையாக்கிவிட்டேன். மூன்று வருடமாக அதைப் பார்க்கும்போதெல்லாம் குற்ற உணர்ச்சி. பிரிக்கும்போது சின்னவள் நூலைப் பிடித்துக்கொண்டு அறை முழுக்க ஓடினாள். நீலக்கை அக்கா, நோட்டு அட்டை யோசனை பிரமாதம், பூசிய தாள் ஈரம் பட்டால் கறை படுமா? அழுக்குக் கை வாரம், சுத்தக் கை வாரம் பிரிப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, பாத்தி எந்த வாரமும் விடுவதில்லை. சாப்பாட்டு மேசையில் பாதி காலி. வீட்டுக்காரர் வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போனார்.

இப்போது புதுக் கேள்வி. தெரிந்தவர் ஒருவர் அடைக்கு வைக்கிற முட்டை ஒரு டஜன் தருகிறேன் என்கிறார், சின்ன இன்குபேட்டரும் இரவல் தருவாராம். 21 நாள்தானே, வைக்கலாமா? பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்கள்.

நீலக்கை எழுதியது:

நல்ல தண்ணீரில், பூசிய மருந்தின் மஞ்சள் நிறம் போகிறவரை அலசிக் காயவைத்திருந்தால் ஈரத்துக்குப் பெரிதாகப் பயப்பட வேண்டாம். அந்த நீலத்துக்கு ஆகாதது சோப்பு, சோடா மாதிரியான காரம்தான், வெளுத்துவிடும். பைண்டிங் பசையிலும் காரம் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாவுப் பசை நல்லது. அட்டைக்கு மேலே மெழுகு லேசாகத் தேய்த்துவிட்டால் கைவியர்வையும் தாங்கும். சோப்புக் கட்டி பக்கத்தில் மட்டும் அந்த நோட்டை வைக்காதீர்கள்.

தேன்கூடு எழுதியது:

பாத்திக்கு வாரக் கணக்குப் பார்க்காதே, காலையில் கால் மணி நேரம் போய்விட்டு வா. வாரம் பிரிப்பது ராத்திரி நேரத்துக்கு மட்டும்.

முட்டை விஷயத்தில் கணக்கு 21 நாள் இல்லை மா. பதினெட்டாம் நாள் வரை தினமும் பல தடவை முட்டையைத் திருப்ப வேண்டும். தானாகத் திருப்பும் பெட்டியா, கையால் திருப்புவதா என்று முதலில் கேள். பதினெட்டுக்கு அப்புறம் திருப்பக் கூடாது, ஈரப்பதத்தைக் கூட்டிவிட்டு மூடியைத் திறக்காமல் இருக்க வேண்டும். பொரிந்த பின்தான் உண்மையான வேலை. முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி வாக்கில் சூடு வேண்டும், அப்புறம் வாரத்துக்கு ஏறக்குறைய 3 டிகிரியாகக் குறைத்துக்கொண்டே வந்து, இறகு முளைத்து வெளியே விட ஆறு வாரம் ஆகும். ஆகமொத்தம் இரண்டு மாதம். அதற்குள் உனக்கு இரண்டு மாதக் கடைசி வரும், தேனீயும் பிரியலாம். பொரிந்ததில் பாதி சேவலாக இருக்கும், அவற்றை என்ன செய்யப் போகிறாய் என்றும் இப்போதே முடிவு பண்ணு.

உன் ஆறில் ஏதாவது ஒன்று அடைக்கு உட்காருகிறதா பார். கூட்டை விட்டு நகராமல், கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு உறுமினால் அதுதான். அப்போது அந்த முட்டையை வாங்கி, ராத்திரி இருட்டியபின் அதன் அடியில் வை. திருப்புவது, சூடு, ஈரம், குஞ்சை மேய்ப்பது எல்லாம் அது பார்த்துக்கொள்ளும். நீ தீனியும் தண்ணியும் வைத்தால் போதும். அடைக்கோழி இல்லையென்றால் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லிவிடு. அவரிடம் முட்டை அடுத்த தடவையும் இருக்கும்.